மச்சினன் காரும் கணபதிப் பட்டறையும்

டிசம்பரில் ஊருக்குப் போனால் முதல் நாள் காலையில் என்னை எழுப்புவது காக்கைகள்தான். இந்த முறை மச்சினனின் கார் முந்திக்கொண்டது. வடவள்ளி வீட்டு போர்ட்டிகோவில் ஆறு மணிக்கு அவன் சாவியைத் திருப்பியதும், பழைய தையல் மெஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஐந்தாறு நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டது.

"டாப்பெட் சத்தம் மாமா. குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றான். கோயம்புத்தூர் குளிருக்கு!

இங்கிலாந்தில், காவன்ட்ரியில் நான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கோல்ஃப் காரும் இதே பாட்டைத்தான் பாடியது. அதிலும் இதிலும் எஞ்சின் ஒரே குடும்பம்: 1.8 லிட்டர், 20 வால்வ், டர்போ பெட்ரோல். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் விசிறி டர்போ; எஞ்சின் புகையைச் சேர்த்து அதற்கு அனுப்பும் குழாய்த் தொகுப்பு மேனிஃபோல்ட். என் கோல்ஃபுக்கு நான் இணையத்தில் மலிவாக வாங்கிப் போட்ட பைப் மேனிஃபோல்ட் 14 மாதத்தில் பிளந்தது. அதனால் நேராகவே கேட்டேன். "மேனிஃபோல்ட் மாத்தினியா மாப்ளை?" தலையைச் சொறிந்தான்.

கார் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004-ல் இந்தியாவுக்கு வந்து, 150 குதிரைத்திறன் என்று பையன்களைக் கிறங்கடித்த வண்டி. மூன்றாவது கையாக வாங்கியவன், கம்பெனி வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, 14,000 ரூபாய்க்குப் பளபளவென்று நான்கு குழாய் பின்னிய ஒன்றை மாட்டியிருக்கிறான். மாட்டி 11 மாதம், ஓடியது 7,000 கிலோமீட்டர்.

அன்று மாலையே சோதித்துப் பார்த்தோம். செலவில்லாத சோதனை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஏ.சி. தூசி ஊதும் கை புளோயரைச் சைலன்சர் வாயில் வைத்துத் துணியால் சுற்றிப் பிடித்தான் மச்சினன். இந்த வண்டியில் மேனிஃபோல்ட் எஞ்சினுக்குப் பின்பக்கம், எஞ்சினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓரமாக ஒளிந்திருக்கும். மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியையும் போன் டார்ச்சையும் நீட்டினால்தான் தெரியும். சோப்புத் தண்ணீர் தெளித்தேன். குழாய்கள் நான்கும் ஒன்று சேரும் இடத்தில் கரிக்கோடு ஒன்று இருந்தது. அதன்மேல் வரிசையாகக் குமிழி கிளம்பியது. மேனிஃபோல்டை எஞ்சினோடு சேர்த்து முறுக்கும் தகடான ஃப்ளாஞ்சின் நடுவிலும் கொஞ்சம் நுரைத்தது.

இது ஏன் நடக்கிறது என்பது பெரிய மர்மம் இல்லை. டர்போ பெட்ரோல் எஞ்சினை மிதித்து ஓட்டினால் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தொடும், தாண்டவும் செய்யும். 304 ரக எவர்சில்வர் குழாய் 300 மில்லிமீட்டர் நீளம் இருந்து, சூடு 700 டிகிரி ஏறினால், மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வார்ப்பிரும்பு அதே சூட்டில் இரண்டரைக்குப் பக்கம்தான். நீளுகிற குழாய்க்குப் போக இடமில்லை: ஒரு பக்கம் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் வரிசையாக முறுக்கிய நட்டுகள், மறுபக்கம் தொங்கும் டர்போ. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் வெல்டிங் ஓரம் வளைந்து நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பது மாதிரிதான். விரிசல் குளிர்ந்திருக்கும்போது வாய் திறக்கும், சூடானால் மூடிக்கொள்ளும். 'காலையில் மட்டும்தான் சத்தம்' என்பதன் ரகசியம் இதுதான்.

சத்தத்தோடு போனாலும் பரவாயில்லை. டர்போவுக்கு முன்னாலேயே புகை கசிந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், தாமதமாக வரும். அந்த ஓட்டை வழியாகக் காற்றும் உள்ளே இழுபடும். ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றச் சொல்லும். ஒரு வருடமாக மைலேஜ் குறைந்ததற்கு மச்சினன் பங்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தான், பாவம் அவர்கள்.

முதலில் மாட்டிக் கொடுத்த கடைக்கே போனோம். கண்ணாடிச் சுவர், ஏ.சி., காபி எல்லாம் உண்டு. "மேல ஹீட் ராப் துணி சுத்திடலாம் சார், சரியாயிரும்" என்றார் கவுண்டரில் இருந்த இளைஞர். விரிசல் விட்ட குழாய்க்குக் கம்பளி போர்த்தினால் உள்ளே சூடு இன்னும் ஏறும், மீதியும் சீக்கிரம் போகும். வாரண்டி கேட்டால், ரேஸிங் சாமானுக்கு வாரண்டி கிடையாதாம். பில்லை எடுத்துப் பார்த்தேன். 'பெர்ஃபாமன்ஸ் ஹெடர் - 1' என்று மட்டும் இருந்தது. ஹெடர் என்பது இந்த மேனிஃபோல்ட்தான். என்ன ரகம், எத்தனை மில்லிமீட்டர் என்று ஒன்றும் இல்லை. வாயால் சொன்னது 'எஸ்.எஸ். 304'. அதைச் சொன்னவர் இப்போது வேலையில் இல்லையாம்.

அப்புறம் ஒரு பழைய நண்பன் கணபதியில் ஒரு பட்டறையைக் காட்டினான். தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம், மெக்கானிக் அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. வண்டியைப் பார்த்ததும் கழற்றத் தொடங்கவில்லை. "ரெண்டு ராத்திரி எண்ணெய் ஊத்தி ஊறட்டுங்க தம்பி. அவசரப்பட்டா ஸ்டட் ஒடியும்" என்றார். ஊறவைத்தும், நட்டு மாட்ட ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மரைக் கம்பிகளில் கடைசி இரண்டு ஒடிந்தன. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒடிந்த முண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் குழிக்குள் வெல்டிங்கை நிரப்பி, சிவப்பு மங்கும்வரை ஒரு பீடி நேரம் காத்திருந்தார். பிறகு ஸ்பேனரை மாட்டிக் கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே, மறுபடி உள்ளே. அலுமினிய மரை சிதையாமல் இரண்டும் வந்தன. காவன்ட்ரியில் என் வண்டிக்கு இதே ஒடிசல் வந்தபோது ஹெட்டையே இறக்க வேண்டும் என்றார்கள்.

கழற்றிய மேனிஃபோல்டை பெஞ்சில் வைத்து ஸ்டீல் ஸ்கேலை வைத்தால், ஃப்ளாஞ்ச் நடுவில் 0.8 மில்லிமீட்டர் கேஜ் தாராளமாகப் புகுந்தது. ஃப்ளாஞ்ச் 8 மில்லிமீட்டர் தகடு. அசையாமல் பிடிக்கும் ஜிக் சட்டத்தில் இறுக்காமல் பற்றவைத்திருப்பார்கள். குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் ஷெட்யூல் 40 என்ற கன அளவில் எடுத்தால் சுவர் 3.56, ஷெட்யூல் 10 என்றாலும் 2.77 மில்லிமீட்டர் கிடைக்கும். டர்போவைத் தாங்குகிற குழாய்க்கு அதுதான் முறை.

ஆவாரம்பாளையத்தில் ஆர்கான் வெல்டிங் செய்பவர் ஒருவரிடமும் காட்டினோம். வெளியே மீன் செதில் அடுக்கியதுபோல அழகான வெல்டிங். அவர் டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். உள்பக்கம் கருகி, கருப்பட்டி உடைத்த மாதிரி பொருக்குப் பொருக்காக இருந்தது. வெளியே பற்றவைக்கும்போது, உள்ளே காற்று படாமல் இருக்கக் குழாய்க்குள்ளும் ஆர்கான் விட வேண்டும். அந்த கேஸ் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

எனக்கு ஆவல் விடவில்லை. பீளமேடு பக்கம் ஃபவுண்டரிகளுக்கு, அதாவது இரும்பு வார்க்கும் ஆலைகளுக்கு, சோதனை செய்து தரும் லேபில் 800 ரூபாய் கட்டி, ஒரு துண்டை உலோகக் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்தேன். யு.பி.ஐ. இல்லாத வெளிநாட்டுக்காரன் என்பதால் சில்லறை தேடியதுதான் அங்கே பெரிய வேலை. ரிசல்ட் அரை மணி நேரத்தில் வந்தது. நிக்கல் ஒரு சதவீதம் சொச்சம், மாங்கனீஸ் 9 சதவீதத்துக்கு மேல். 304-ல் நிக்கல் 8 சதவீதமாவது இருக்க வேண்டும். இது மலிவு எவர்சில்வர் தட்டும் கட்டில் காலும் செய்கிற 200 வரிசை. அசல் 304-க்கே இந்த வேலை கஷ்டம்தான்: 425-லிருந்து 860 டிகிரி வரை நெடுநேரம் கிடந்தால் அதன் குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோகத்தின் நுண்மணிகளின் ஓரங்களில் ஒதுங்கிவிடும். அதற்குத்தான் டைட்டானியம் சேர்த்த 321 இருக்கிறது. விலை பார்த்தால் மயக்கம் வரும்.

ஆர்கான்காரர் கெட்டிப் பைப்பில் புதிதாகச் செய்து தரத் தயார், ஆனால் பதினைந்து நாள் ஆகும். என் லீவு அதற்குள் முடிந்துவிடும். மெக்கானிக் அண்ணன், "பழைய காஸ்ட் அயர்னே போடுங்க. ஊரெல்லாம் ஃபவுண்டரிய வெச்சுக்கிட்டு தகரத்தக் கட்டிட்டு அழுவானேன்?" என்றார். மச்சினன் வாய் திறக்கவில்லை.

உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கம்பெனி மேனிஃபோல்ட் 7,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வார்ப்பிரும்பும் விரிசல் விடும் என்பதால், நண்பனின் ஃபவுண்டரியில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தோம். ஒரு போர்ட் ஓரம் மயிரிழைக் கோடு, மறுபக்கம் ஊடுருவவில்லை. மேனிஃபோல்டின் முகத்தைச் சமப்படுத்த 900, ஸ்டட், நட்டு, கேஸ்கட் 4,200, கூலி 6,500. அண்ணன் கை கணக்கில் முறுக்குவாரோ என்று பயந்தேன். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த, அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்தார். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஆறினப்புறம் கொண்டாங்க, ஒருக்கா பார்த்துடலாம்" என்றார். குறை என்று சொன்னால் நேரம்தான். 'நாளைக்கு' என்பது இரண்டு முறை நாளன்றைக்கு ஆனது, ஒரு முறை கரண்ட் போனதால்.

மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போய் வந்தோம். வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே இழுத்தது. மறுநாள் காலை காக்கைதான் எழுப்பியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் தெருவில் பழைய இரும்புக்காரர் வந்தார். மச்சினன் அந்தப் பளபள மேனிஃபோல்டைக் கொண்டுவந்து, "304 எஸ்.எஸ்.ணா" என்று நீட்டினான். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன மருந்துப் புட்டியையும் ஒரு பேட்டரியையும் எடுத்தார். கரி இல்லாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட்டார். சொட்டு சிவந்தது.

"இது 202-ங்க. பாதி வெலதான்" என்று தராசை எடுத்தார்.