டிராஃபிக் கணக்கு உதைத்தபோதெல்லாம் யாரைக் கேட்டேன்: எட்டு வருட அனலிட்டிக்ஸ் அனுபவம்

ஒரு நாள் காலையில், தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் அனலிட்டிக்ஸ் கருவியின் டேஷ்போர்டைத் திறந்தால் முந்தைய நாள் வருகை பூஜ்யம். தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, பின்னூட்டம்கூட இரண்டு வந்திருந்தது. பதறிப்போய் சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டேன்: "டிராஃபிக் வரவில்லை, உடனே சரிசெய்யவும்." அவ்வளவுதான் முழு வாசகமும். மூன்று நாள் கழித்து "பிரௌசர் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்று பதில் வந்தது. எரிச்சலாக இருந்தது, ஆனால் இன்று அந்த டிக்கெட்டைப் படித்தால் அவர் வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும் என்று தோன்றுகிறது. காரணம் என் பக்கம்தான் இருந்தது. தீம் அப்டேட் ஆனபோது ஹெட்டர் கோப்பில் நான் கையால் ஒட்டியிருந்த, வருகையை எண்ணும் ஸ்கிரிப்ட் அழிந்துபோயிருந்தது.

புகைப்படக் கருவிகளைப் பற்றி எழுதும் சின்னத் தளம் என்னுடையது. கூகுள் அனலிட்டிக்ஸ், சொந்த சர்வரில் மட்டோமோ, நடுவில் கொஞ்ச காலம் பணம் கட்டி ஒரு சிறிய கருவி (பெயர் வேண்டாம், மேலே சொன்ன டிக்கெட்டும் அவர்களுக்குப் போட்டதுதான்) என்று மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். எந்தக் கருவி சிறந்தது என்று சொல்லப் போவதில்லை, எண்கள் குளறுபடியானபோது உதவி எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அனலிட்டிக்ஸ் சப்போர்ட் ஆட்களுக்கு உங்கள் தளத்துக்குள் நடப்பது தெரியாது. அவர்களுக்கு வந்து சேர்ந்த தகவல் மட்டும்தான் தெரியும், வராமல் போனது ஏன் வரவில்லை என்பதை நாம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்கப்புறம் டிக்கெட் போடும் முன் ஒரு வேலை செய்கிறேன்: பிரௌசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோட் செய்து, அனலிட்டிக்ஸுக்குக் கோரிக்கை போகிறதா, போனால் எத்தனை முறை போகிறது என்று பார்ப்பது. கூகுள் அனலிட்டிக்ஸ் 4 என்றால் அந்த முகவரியில் 'கலெக்ட்' (collect) என்ற சொல் இருக்கும், அதை வைத்து வடிகட்டினால் போதும். எதுவுமே போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான், ஸ்கிரிப்ட் இல்லை அல்லது ஏதோ ஒன்று தடுக்கிறது. ஆனால் சோதிக்கும்போது விளம்பரத் தடுப்பானை அணைத்துவிட்டுப் பாருங்கள், நான் ஒருமுறை அதை மறந்து அரை நாளை வீணடித்தேன்.

இந்தச் சோதனைதான் என் பெரிய முட்டாள்தனத்தையும் காட்டிக்கொடுத்தது. ஒரு மாதம் முழுக்க என் தளத்தின் ஈடுபாட்டு விகிதம் கிட்டத்தட்ட நூறு சதவீதமாக இருந்தது, எழுத்து மெருகேறிவிட்டது போல என்று நானும் மிதந்துகொண்டிருந்தேன். உண்மையில் ஒரு பிளகின் வழியாகவும் டேக் மேனேஜர் (இத்தகைய ஸ்கிரிப்ட்களை ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் கருவி) வழியாகவும் ஒரே அளவீட்டுக் குறியீடு இரண்டு முறை ஓடிக்கொண்டிருந்தது. ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கணக்கில் ஓர் அமர்வு, அதாவது ஒருவரின் ஒரு வருகை, 10 வினாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கப் பார்வை பதிவானாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ அது 'ஈடுபாட்டுள்ள' அமர்வு. வந்தவர் ஒரே பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாலும் இரண்டு பார்வை பதிவாகிவிடும், அவரும் ஈடுபாட்டுள்ளவர்தான்! எண் கெட்டதாக இருந்தால் உடனே உதவி கேட்கிறோம், நல்லதாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோரிக்கை இரண்டு வரியாக நின்றதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கூகுள் பக்கம் உதவி எப்படி என்றால், பணம் கட்டும் 360 பதிப்புக்குத்தான் ஆள் வைத்த சப்போர்ட். இலவசமாகப் பயன்படுத்தும் நமக்கு உதவிப் பக்கங்களும் சக பயனர்களும்தான். உதவிப் பக்கங்கள் மோசமில்லை, ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தெரிந்தால்தான் கிடைக்கும். கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று சொல்லும் சர்ச் கன்சோலில் காட்டும் கிளிக் எண்ணிக்கையும் அனலிட்டிக்ஸில் காட்டும் அமர்வு எண்ணிக்கையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அனுபவமுள்ள சக பயனர் ஒருவர் நான்கே வரியில் முடித்தார்: ஒன்று தேடல் பக்கத்தில் நடந்த கிளிக்கை எண்ணுகிறது, இன்னொன்று உங்கள் பக்கத்தில் ஸ்கிரிப்ட் ஓடினால்தான் எண்ணும், குக்கி அனுமதி மறுத்தவர், தடுப்பான் வைத்திருப்பவர், பக்கம் திறக்கும் முன்பே திரும்பியவர் எல்லாரும் அதில் விடுபடலாம். தேதி விஷயமும் உண்டு, சர்ச் கன்சோல் நாளைப் பிரிப்பது கலிபோர்னியா நேரப்படி, அனலிட்டிக்ஸில் நாம் வைத்த நேர மண்டலப்படி. அன்றிலிருந்து இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியை விட்டுவிட்டேன், ஏறும்போது இரண்டும் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

சில பிரச்சினைக்கு யாரிடம் கேட்டும் பயனில்லை. ஜிஏ4 எக்ஸ்ப்ளோரேஷனில் (நாமே வடிவமைத்துக்கொள்ளும் அறிக்கை) போன வருடத்தோடு ஒப்பிட முயன்றபோது தரவே இல்லை. தரவு வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம், அதை 14 மாதமாக நாம்தான் மாற்ற வேண்டும், போனது போனதுதான். வழக்கமான அறிக்கைகளில் மொத்த எண்கள் இருக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல். ஜிஏ4-க்கு முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸும் அப்படித்தான், 2023 ஜூலை 1 அன்று புதிய தரவு எடுப்பதை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய அறிக்கைகளைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. நான் முக்கியமான அறிக்கைகளைக் கோப்பாக இறக்கி வைத்துவிட்டேன், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட நண்பர் ஒருவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. இதில் இன்னொரு தொல்லை, பழைய வீடியோக்களும் சில நேரம் ஏஐ சாட்பாட்களும் இன்றும் யுனிவர்சல் காலத்து மெனுவுக்கே வழி சொல்கின்றன. அரை மணி நேரம் இல்லாத பொத்தானைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

மட்டோமோ கதை வேறு. 2018 வரை பிவிக் என்ற பெயரில் இருந்த அதே திறமூலக் கருவிதான். சொந்த சர்வரில் வைத்தால் தரவு நம்மிடம், தலைவலியும் நம்மிடம். டேஷ்போர்டு திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று கேட்டதும் முதலில் வந்தது பதில் இல்லை, கேள்விகள்: எந்தப் பதிப்பு, சர்வரில் எந்த பிஹெச்பி (மட்டோமோ எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு, பிழைப் பதிவில் என்ன இருக்கிறது, அறிக்கைகளைத் தயாரிக்க கிரான் வேலை (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) அமைத்திருக்கிறீர்களா. கடைசிக் கேள்வியிலேயே விடை இருந்தது. யாராவது டேஷ்போர்டைத் திறக்கும்போதுதான் அறிக்கை தயாராகும்படி விட்டுவைத்திருந்தேன். மணிக்கு ஒருமுறை கிரான் ஓடவிட்டதும் பக்கம் சட்டென்று திறந்தது.

பணம் கட்டிய கருவியில் இரண்டாம் வருடம் நல்ல ஆள் ஒருவர் கிடைத்தார். தளத்துக்கு அட்மின் அணுகல் கேட்காமல், என்ன தேதி, எந்தப் பக்கம், எந்த பிரௌசர் என்று மட்டும் கேட்டார். அணுகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பார்வையாளர் உரிமை மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நெட்வொர்க் பதிவை ஹார் கோப்பாக அனுப்பச் சொல்வார்கள், அதில் உங்கள் லாகின் குக்கிகளும் இருக்கலாம், லாகின் செய்யாத சாளரத்தில் எடுத்து அனுப்புங்கள்.

அவரிடம் நான் கடைசியாகக் கேட்டது 'டைரக்ட்' பற்றி. திடீரென்று நேரடி வருகை இரண்டு மடங்காகிவிட்டது, அத்தனை பேரா என் முகவரியை மனப்பாடமாகத் தட்டுகிறார்கள் என்று கேட்டேன். இல்லை, எங்கிருந்து வந்தார் என்ற தகவல் வராவிட்டால் எல்லாரையும் அந்தக் கூடையில்தான் போடுவோம், மெசேஜ் செயலிகளில் பகிரும் இணைப்பு பலவும் அப்படித்தான் வரும், நீங்கள் பகிரும் இணைப்பில் யுடிஎம் குறி (எங்கிருந்து வருகிறார் என்று இணைப்பின் முகவரியிலேயே சேர்க்கும் குறிப்பு) போடுங்கள் என்றார். போட்டேன், கூடை பாதியாகக் குறைந்தது. வாட்ஸப் என்பதற்கு ஒரு நாள் பெரிய எழுத்திலும் மறுநாள் சிறிய எழுத்திலும் குறி போட்டுவிட்டதால் அறிக்கையில் அது இரண்டு வரியாக நிற்கிறது. அதற்கு மட்டும் நான் யாருக்கும் டிக்கெட் போடவில்லை.