அலுமினியத் தரை இணைப்புப் பட்டை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

புதுச்சேரி வைசியாள் வீதியை ஒட்டிய எங்கள் பழைய வீட்டின் கூடத்துக்குச் சிவப்பு ஆக்சைடு தரை. சென்ற ஆண்டு அடுக்களையில் பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினோம்; படுக்கையறையில் லேமினேட் மரத்தரை விரித்தோம். டைல்ஸ் 9 மி.மீ., பசை 5 மி.மீ. சேர்ந்து அடுக்களை கூடத்தைவிட 14 மி.மீ. உயர்ந்துவிட்டது. பலகை 8 மி.மீ., அடியில் விரிக்கும் ஃபோம் 2 மி.மீ. என்ற கணக்கில் படுக்கையறை 10 மி.மீ. உயர்ந்தது. வாக்கர் பிடித்து நடக்கும் என் அம்மா இந்த இரண்டு விளிம்புகளிலும் மாறி மாறி இடறினார். ஆகவே இரண்டு வாசல்களுக்கும் சரிவான அலுமினியப் பட்டை வாங்கிப் பொருத்தினோம். கடைகளில் இதற்கு ரெடியூசர் என்று பெயர். மட்டம் ஒன்றாக உள்ள இரு தரைகளுக்கு நடுவே வைக்கும் டி வடிவப் பட்டை வேறு. கேட்டு வாங்கும்போது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

படுக்கையறையில் இப்பட்டை எனக்கு முழு நிறைவைத் தந்திருக்கிறது. லேமினேட் பலகை தரையில் ஒட்டப்படுவதில்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் விரியும், வெயிலில் சுருங்கும். அதற்காகச் சுவரோரத்திலும் வாசலிலும் 8 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த குழுவினர் வாசலில் அந்த இடைவெளியை விடாமல் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டதால், ஐப்பசி மழையில் பலகைகள் அறையின் நடுவே மேலெழும்பிவிட்டன. வேறொரு ஆசாரி வந்து விளிம்பை அறுத்து, இடைவெளி விட்டு, பட்டையைக் கூடத்துத் தரையின் பக்கம் மட்டும் பசையால் ஒட்டினார். பலகையின் மேல் பட்டை வெறுமனே படிந்திருப்பதால் அடியில் மரம் தடையின்றி நகர்கிறது. எட்டு மாதமாகத் தரை மேலெழும்பாமல் இருக்கிறது. கூடத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைப்பவர்கள் பட்டையின் கீழ் விளிம்பில் சிலிகான் பூசச் சொல்வது நல்லது. நீர் உள்ளே இறங்கினால் பலகை உப்பிவிடும்.

அடுக்களை வாசலுக்கு இதே பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாங்கள் வாங்கிய பட்டையின் அகலம் 40 மி.மீ. அந்த அகலத்துக்குள் 14 மி.மீ. இறங்க வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற வாட்டம், அதாவது மூன்று மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. இறக்கம் என்ற சரிவு வருகிறது. வாக்கரின் சக்கரம் அதில் ஏறாமல் முட்டி நின்றது. உடன் கொடுத்த இரும்புத் திருகுகள் கடற்காற்றில் நான்கே மாதத்தில் துருப்பிடித்துத் தரையில் கறையை ஏற்படுத்தின. அதைவிட வருத்தம், திருகுக்காகத் துளையிட்டபோது ஆக்சைடு பூச்சு நகக்கண் அளவுக்குப் பெயர்ந்ததுதான். அந்தப் பூச்சு மிக மெல்லியது. அதே நிறத்தில், அதே மெழுகுப் பளபளப்புடன் ஒட்டுப்போட்டுத் தருபவர்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. இத்தகைய தரை உள்ளவர்கள் துளையிட அனுமதிக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியில் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, கடப்பைக்கல் ஒன்றைச் சாய்வாகப் பதித்தோம். சக்கர நாற்காலிச் சாய்தளங்களுக்குச் சொல்லப்படும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற வாட்டத்துக்கு 168 மி.மீ., அதாவது ஏறத்தாழ ஏழு அங்குல அகலம் தேவைப்பட்டது. பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் என்பதால், கல் கூடத்துக்குள் நீளாமல் நிலைப்படிக்குள்ளேயே அடங்கிவிட்டது. மேற்பரப்பைப் பாலிஷ் செய்யாமல் சொரசொரப்பாகவே விடச் சொன்னோம். ஈரக்காலோடு வந்தாலும் வழுக்குவதில்லை. முக்கால் அடிச் சுவர் கொண்ட புது வீடுகளிலும் அந்த ஏழு அங்குலத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அதன் அடிப்பகுதி கல்லில் உரசுமா என்பதைக் கல்லை வெட்டுவதற்கு முன்பே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.