ஜிப்சம் சீலிங்: போர்டு பிராண்டை விட ஃப்ரேம் இடைவெளியைப் பாருங்க

எங்க ஹால் சீலிங்க இப்ப ஒரு லோக்கல் டீம் பிரிச்சு புதுசா போட்டு குடுத்தாங்க, வேலை ரொம்ப திருப்தி. முன்னாடி போட்டவங்க, போர்ட ஸ்க்ரூ பண்ற இரும்புப் பட்டையான செக்‌ஷன ரெண்டடிக்கும் மேல தள்ளித் தள்ளி வச்சிருந்தாங்க, ஒரு மழைக்காலம் போனதும் போர்டு நடுவுல தொங்க ஆரம்பிச்சு ஜாயிண்ட் எல்லாம் விரிசல் விட்டுடுச்சு. போர்டு மேல தப்பே இல்ல, நல்ல 12.5 எம்எம் தான்.

இந்த டீம் வந்ததும் டேப்ப எடுத்து கேப்ப தான் முதல்ல அளந்தாங்க. சீலிங் செக்‌ஷன் ஒன்றரை அடிக்கு ஒண்ணு, அதாவது 457 எம்எம், அதத் தாங்குற இன்டர்மீடியட் சேனல் நாலடிக்கு ஒண்ணு, இதுக்கு மேல தள்ளி வைக்க மாட்டோம்னு கறாரா சொல்லிட்டாங்க, எனக்கு அதுவே பிடிச்சிருச்சு. போர்டோட நீளவாக்க செக்‌ஷனுக்கு குறுக்கால வச்சாங்க, அப்பதான் தொய்வு கம்மியா இருக்கும். ஸ்க்ரூ 25 எம்எம், சுமார் 23 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, தலை பேப்பர கிழிக்காம லேசா உள்ள போற அளவுக்கு மட்டும். ஃபேன சீலிங்ல மாட்டாம நேரா மேல கான்கிரீட் கொக்கில தான் மாட்டினாங்க.

இரும்புப் பட்டை அதிகமா போறதால ரேட் கொஞ்சம் ஏறும், தூசி பயங்கரம், க்ளீனிங் நம்ம தலையில தான், அதனால ஒரு ஸ்டார் குறைக்கிறேன். கொட்டேஷன்ல செக்‌ஷன் இடைவெளிய எழுதி வாங்கிக்கோங்க, போர்டு ஏத்துறதுக்கு முன்னாடி நீங்களே டேப் பிடிச்சு அளந்துடுங்க, மூடிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது.