குனு பேக்கேமன்: டபுள் எப்போது கேட்பது என்று எனக்குப் புரியவைத்த மென்பொருள்

கப்பலில் எனக்கு பேக்கேமன் (பகடை உருட்டி இருவர் காய் நகர்த்தும் பலகை ஆட்டம்) சொல்லிக்கொடுத்தவர் எங்கள் செகண்ட் இன்ஜினியர், துருக்கிக்காரர். அவர்கள் ஊரில் இதைத் தவ்லா என்பார்கள். தாயம் ஆடி வளர்ந்தவன் என்பதால் காய் வெட்டுவதும் பழம் எடுப்பதும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. ஆனால் அவர் ஆடும் தவ்லாவில் பந்தயத்தை ஏற்றும் கட்டை கிடையாது. சிங்கப்பூரில் நான் வாங்கிய செட்டில்தான் 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதிய பெரிய பகடை ஒன்று இருந்தது. 1920களில் நியூயார்க்கில் ஆட்டத்தோடு சேர்ந்த விஷயம் அது. அதைத் திருப்பி ஒருவர் டபுள் கேட்டால், எதிராளி இரட்டிப்புப் பந்தயத்துக்கு ஆடவேண்டும், இல்லையென்றால் அப்போதைய பந்தயத்தைக் கொடுத்து ஆட்டத்தை விடவேண்டும். அதை எப்போது தொடுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அதற்காகத்தான் குனு பேக்கேமனை லேப்டாப்பில் ஏற்றினேன். இலவசம், நெட்டும் வேண்டாம். நடுக்கடலில் இரண்டாவதுதான் பெரிய வசதி. எட்டு மாதமாக, வாட்ச் டியூட்டி முடிந்த இரவுகளில் இதோடுதான் ஆடுகிறேன்.

ஜெயிப்பது உறுதியான பிறகே டபுள் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்போது கேட்டால் எதிராளி விட்டுவிட்டுப் போய்விடுவார், ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் அலசச் சொன்னால், முன்பே கேட்டிருக்கவேண்டிய இடங்களை இந்த மென்பொருள் ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்கு மண்டையில் ஏறியது.

கணக்கு இதுதான். எதிராளி டபுள் கேட்கிறார். மறுத்தால் ஒரு புள்ளி போகும். நான்கு ஆட்டத்தில் மறுத்தால் 4 நஷ்டம். ஏற்றுக்கொண்டு மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால் 6 போய் 2 வரும், அதுவும் 4 நஷ்டம்தான். ஆக, நாலில் ஒன்று ஜெயிக்க வழியிருந்தால் ஏற்கலாம். இரட்டைத் தோல்வி (ஒரு பழம்கூட எடுக்காமல் தோற்று இரண்டு மடங்கு இழப்பது) பயம் இல்லாத இடத்தில் 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் ஏற்கலாம், ஏனென்றால் கட்டை நம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த டபுள் கேட்கும் உரிமை நமக்கு மட்டும்தான்.

ஒரு ஆட்டத்தில் எனக்கு இரண்டே காய் மிச்சம்: ஒன்று ஐந்தாம் கட்டத்தில், ஒன்று இரண்டாம் கட்டத்தில். செகண்ட் இன்ஜினியருக்கு ஒரே காய். இந்த உருட்டலில் இரண்டையும் எடுக்காவிட்டால் நான் தோற்றேன். பயந்துபோய் டபுள் கேட்கவில்லை. அன்று இரவு அதே நிலையை மென்பொருளில் காய் காயாக அடுக்கிக் கேட்டேன். எனக்குச் சராசரியாகக் கிடைக்கும் புள்ளி, டபுள் கேட்காவிட்டால் 0.056, கேட்டு அவர் ஏற்றால் 0.111 என்று வந்தது. அப்புறம் விரல்விட்டு எண்ணினேன்: 36 உருட்டலில் 19 எனக்குச் சாதகம். பாதிக்கு மேல் ஒன்றே ஒன்றுதான் கூடுதல், ஆனாலும் கேட்பதுதான் சரி. அவர் கையில் 17 இருப்பதால் அவர் ஏற்பதும் சரி. இரண்டு பேருமே சரியாக ஆடும் ஒரு டபுள் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று, டபுள் கேட்கவே கூடாத அளவுக்கு நல்ல நிலையும் உண்டு. எதிராளி ஒரு பழம்கூட எடுக்காமல் தோற்றால் இரண்டு புள்ளி; துருக்கியில் மார்ஸ் என்பார்கள். அந்த வாய்ப்பு பெரிதாக இருக்கும்போது டபுள் கேட்டு அவரைத் தப்பவிடாதே என்று இது தெளிவாகச் சொல்லும். மேட்ச் ஆட்டங்களுக்கு (முதலில் குறித்த புள்ளியை எட்டுபவர் ஜெயிக்கும் தொடர்) ஸ்கோரையும் பார்த்தே சொல்கிறது. கிராஃபோர்ட் விதியையும் கவனித்துக்கொள்ளும்: ஒருவருக்கு ஜெயிக்க ஒரே புள்ளி மிச்சம் என்று வந்ததும், அடுத்த ஒரு ஆட்டத்தில் யாரும் டபுள் கேட்க முடியாது.

குறை என்றால், எண்ணைத்தான் தரும், காரணம் சொல்லாது. 'ஏன்?' என்பதை நாமே உட்கார்ந்து தேடவேண்டும். தோற்றமும் பழைய காலத்து மென்பொருள் மாதிரி இருக்கும், மெனுவுக்குள் மெனு. ரோல்அவுட் என்று ஒன்று இருக்கிறது. அமைப்பை மாற்றாவிட்டால் ஒரே நிலையை 1296 முறை ஆடிப் பார்த்து விடை சொல்லும். சிக்கலான நிலை என்றால் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

விதிகளே தெரியாதவர்கள் முதலில் ஒரு ஆளோடு பலகையில் ஆடிவிட்டு வாருங்கள். ஆடத் தெரிந்து, அந்தக் கட்டையைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஏற்றிக்கொள்ளலாம். முதலில் கடைசி நேரத்து நிலைகளை, இரண்டு மூன்று காய் மட்டும் இருப்பவற்றை, அடுக்கிக் கேளுங்கள். அவற்றைக் கையாலேயே எண்ணிச் சரிபார்த்துவிடலாம்.

செகண்ட் இப்போது கட்டை இல்லாமல் ஆட உட்காருவதில்லை.