விளையாட்டு உடுப்புக்கென்றே விற்கிற திரவச் சவர்க்காரம்: ஹட்டன் பக்கத்துக் குளிரில் எப்படி?

நாத்தம் போகிறது, ஆனால் பச்சைத் தண்ணீரில் போகாது. வாங்க யோசிக்கிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். போத்தலில் 'குளிர்ந்த நீரிலும் வேலை செய்யும்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், கொழும்புக் குழாய்த் தண்ணீருக்கு அது சரியாக இருக்கலாம், ஜனவரி மாதத்துக் காலையில் எங்கள் பீலியில் விழுகிற தண்ணீருக்குப் பொருந்தாது.

தோட்டத்துக் கரப்பந்தாட்டக் குழுவின் ஜேர்சிகள் எங்கள் வீட்டில்தான் துவைபடுகின்றன. எல்லாமே பொலியெஸ்டர். துவைத்துக் காயவைத்து மடிக்கும்போது ஒரு வாடையும் இருக்காது, பையன்கள் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓடி உடம்பு சூடாகியதும் அக்குளில் அந்தப் பழைய வாடை அப்படியே கிளம்பும். சாதாரணச் சலவைத் தூள், கட்டிச் சவர்க்காரம், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பார்த்த பிறகுதான் இதை இணையத்தில் சொல்லி வரவழைத்தேன்.

பொலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணெயில்தான் பக்டீரியாவுக்குச் சாப்பாடு. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைச் சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, அவர்கள் போட்டிருந்த டீசேர்ட்டுகளைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பருத்தியைவிடப் பொலியெஸ்டர்தான் மோசமாக நாறியது, மைக்ரோகொக்கஸ் என்ற பக்டீரியா அதில் நன்றாகப் பெருகியிருந்தது. ஆகவே இந்த நாத்தத்துக்குத் துவைக்கிறவர் கையைக் குறை சொல்வது நியாயமில்லை. துணியின் குணம் அப்படி.

இந்தத் திரவத்தில் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கிற நொதியங்கள் இருக்கின்றன. நொதியத்துக்குக் கொஞ்சம் சூடும் கொஞ்சம் நேரமும் வேண்டும். பீலித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் கை பொறுக்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில், ஜேர்சியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி, ஒரு மணித்தியாலம் ஊறவைத்தேன். அக்குள் பக்கத்தில் விரலால் தேய்த்தால் வழுக்குகிற மாதிரி ஒரு பிசுபிசுப்பு இருக்குமே, அது போயிருந்தது. போட்டு விளையாடின பிறகும் புது வியர்வை வாடைதான், பழையது இல்லை. விறகு அடுப்பில் ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து வாளித் தண்ணீரில் கலந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது, நொதியமும் கெடும், இலாஸ்டிக்கும் எண் அச்சும் பழுதாகும்.

நுரை குறைவு. அம்மா அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார், ஊற்ற வேண்டாம். அளவு கூடினால் அலசினாலும் முழுக்கப் போகாது, துணியில் தங்குகிற மிச்சமே திரும்ப அழுக்கைப் பிடிக்கும். வாசனை சேர்க்கிற, துணியை மென்மையாக்குகிற திரவத்தையும் இதோடு போடக்கூடாது. அது நூலின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வியர்வையை வெளியே விடாது.

குறையும் இருக்கிறது. செம்மண் கறைக்கு இது உதவாது. வெள்ளைக் காலுறையில் ஏறின மண்ணுக்குக் கட்டிச் சவர்க்காரமும் கல்லும்தான். முழங்கால் பேடுக்குள் இருக்கிற பஞ்சின் வாடை பாதிதான் குறைந்தது, அதை ஊறவைத்துப் பிழிந்து பிழிந்து பல தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கிறது. விலை சாதாரணத் தூளைப்போல மூன்று மடங்குக்குக் கிட்ட, கூரியர் செலவு வேறு. தோட்டச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு இது சின்னக் காசு இல்லை.

இன்னொன்று, போத்தலில் எங்கேயும் எழுதாதது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழையும் மூட்டமும்தான். கொடியில் ஈரத்தோடு இரண்டு நாள் தொங்கின ஜேர்சியில் எவ்வளவு விலையான சவர்க்காரம் போட்டாலும் பூஞ்சை வாடை வரும். அந்த மாதங்களில் பிழிந்ததும் காய்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி மிதித்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, அடுப்படிக்குள் புகை படாத பக்கமாக இடைவெளி விட்டுக் கொடியில் போடுங்கள். பொலியெஸ்டர் சீக்கிரம் காய்கிற துணி, காற்று கிடைத்தால் ஓர் இரவே போதும். விளையாடி வந்த கையோடு பையிலிருந்து எடுத்துவிடுவதும் முக்கியம், ஈர உடுப்பு பைக்குள் கிடந்தால் அடுத்த நாளே வேலை இரட்டிப்பாகும்.

குழுவாகச் சேர்ந்து காசு போட்டு ஒரு போத்தல் வாங்குவதென்றால் கட்டாயம் வாங்கலாம், நாங்கள் அடுத்ததற்கும் சொல்லிவிட்டோம். ஜேர்சிக்கும் ஓட்டக் காற்சட்டைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாறம், போர்வை இதற்கெல்லாம் வழக்கமான தூளே தாராளம்.