உயரத்துக்கு பயப்படுறவங்க வி.ஆர். தெரபி எடுக்கலாமா? என்னோட ரிவியூ

எடுக்கலாம், தாராளமா. வி.ஆர்.னா விர்ச்சுவல் ரியாலிட்டி, கண்ணுல ஹெட்செட் மாட்டி நிஜம் மாதிரியே காட்சி காட்டுறது. உயரம்னாலே கால் நடுங்குற ஆளு நான், மொட்டை மாடி சுவர் பக்கம்கூட போக மாட்டேன், எனக்கே நல்ல மாற்றம் தெரியுது.

ஹெட்செட்ட மாட்டினதும் ஒரு கட்டடத்துல முதல் மாடி விளிம்புல நிக்கிற மாதிரி இருக்கும். நிக்கிறது ரூமுக்குள்ளதான்னு நல்லா தெரியும், ஆனாலும் உள்ளங்கை வேர்க்குது நெஞ்சு படபடங்குது, உடம்பு அப்படியே நம்பிடுது, அந்த நம்பிக்கையிலதான் இந்த ட்ரீட்மென்ட்டே நடக்குது. பயம் 0லேர்ந்து 100க்குள்ள இப்ப எவ்ளோன்னு தெரபிஸ்ட் கேட்டுட்டே இருப்பாங்க, நம்பர் இறங்குற வரைக்கும் அதே மாடிதான், அப்புறம்தான் அடுத்தது. கண்ண மூடிக்கவும் விட மாட்டாங்க, ஏன்னா "கண்ண மூடினதாலதான் தப்பிச்சோம்"னு மனசு கணக்கு போட்டுக்குமாம். ரொம்ப சரின்னு தோணுச்சு.

இது நேத்து வந்த விஷயமும் இல்ல, 1995லயே அமெரிக்காவுல பார்பரா ராத்பாம் டீம் உயர பயத்துக்கு இத பண்ணி ஆய்வு வெளியிட்டாங்க. 2018ல ஆக்ஸ்ஃபோர்டு டேனியல் ஃப்ரீமேன் டீம் 100 பேர வச்சு பண்ண ஆய்வுல வி.ஆர். எடுத்தவங்களுக்கு பயம் சராசரியா 68 சதவீதம் குறைஞ்சுது, அதுல தெரபிஸ்ட்டுக்கு பதிலா அனிமேஷன் கோச்தான். இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்னுதான் நான் சொல்வேன். நான் "40"னு சொல்றப்போ குரல் நடுங்குறத கவனிச்சு, "அவசரமே இல்ல, இங்கயே நில்லுங்க"ன்னு சொன்னாங்க பாருங்க, அது எனக்கு எவ்ளோ பெரிய தைரியம்!

குறைன்னா தலைசுத்தல். கண்ணு நகர்றோம்னு சொல்லுது, உள்காது நகரலன்னு சொல்லுது, அதனால குமட்டும். ஜாய்ஸ்டிக்ல நகர்த்தாம நம்ம காலாலயே நடக்குற மாதிரி சீன் கேளுங்க, பெருசா குறையும். கண்ணாடி போட்டா ஹெட்செட் கொஞ்சம் அழுத்தும். வலிப்பு இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம போகவே போகாதீங்க.

கடல், காடுன்னு ரிலாக்ஸ் பண்ற சீனும் போட்டாங்க, அந்த நேரத்துக்கு நல்லாருக்கு, அவ்ளோதான்.

வீட்டுல ஹெட்செட் வாங்கி உயரத்துல நடக்குற கேம் ஆடினா போதாதான்னு கேப்பீங்க. வேணாம்ங்க. பயம் உச்சத்துல இருக்கறப்போ கழட்டி வச்சுட்டா அந்த பயம் இன்னும் கெட்டியாயிடும்.

புக் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: செஷனுக்கு நடுவுல நிஜ மாடில ஏறிப் பாக்க ஹோம்வொர்க் தருவீங்களான்னு. இல்லன்னு சொன்னா வேற இடம் பாருங்க.