மெல்பர்ன் 96ஆம் எண் டிராம்: ஒரே வண்டி, இரண்டு வேகம்

சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் கூடும் எங்கள் சிறு நட்பு வட்டத்தில், வெளிநாடு போய் வந்தவர் தாம் எடுத்த டிராம் படங்களைக் காட்டியாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. படங்கள் ஒரு சுற்று வருவதற்குள் பேச்சு வேகத்துக்குத் தாவிவிடும். சென்ற முறை என் கைப்பேசியில் இருந்தவை மெல்பர்ன் நகரின் 96ஆம் தடத்தில் எடுத்தவை. ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நண்பர், "இது மணிக்கு எண்பது கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி" என்றார். "மிதிவண்டியில் போனால் அதற்கு முன்னால் போய்விடலாம்" என்றார் மற்றொருவர். இருவர் சொன்னதும் உண்மை என்பதால்தான் இந்தச் சேவையைப் பற்றி எழுதத் தோன்றியது.

வண்டியிடம் பெரிய குறையில்லை. ஈ வகை எனப்படும் இது, மெல்பர்னின் புறநகரான டான்டனோங்கில் பம்பார்டியர் தொழிற்சாலையில் உருவாகி, 2013 நவம்பரில் இதே 96ஆம் தடத்தில்தான் முதலில் பயணிகளை ஏற்றியது. ஏறத்தாழ 33 மீட்டர் நீளத்தில் மூன்று பகுதிகள் இணைந்த உடல். 210 பேர் பயணம் செய்யலாம். தாழ்தளமாக இருப்பதால், மேடை அமைந்த நிறுத்தங்களில் குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் தடங்கலின்றி உள்ளே வருகின்றன. இருக்கைகள் மட்டும் 64தான். நெரிசல் நேரத்தில் பெருவிரைவு ரயிலில் நின்று பழகிய நமக்கு அது புதிதன்று. வண்டியின் உச்ச வேகமான 80 கிலோமீட்டர், நம் வடக்கு தெற்குப் பாதையின் ரயில்கள் எட்டும் வேகத்துக்குச் சமம்.

ஆனால் தடத்தின் வடமுனையான கிழக்கு பிரன்ஸ்விக்கில் ஏறி நிக்கல்சன் சாலை வழியாக நகரை நோக்கி வரும்போது, அந்த எண்பதில் பாதியைக்கூடக் காண்பது அரிது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் கொண்ட மெல்பர்ன் கட்டமைப்பில் முக்கால் பங்கு கார்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்கிறது. சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் அளவில் நிற்பதற்கு அதுவே முதற்காரணம். மற்றொரு காரணத்தை ஒரு காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டே நண்பர்களுக்குக் காட்டினேன். நின்றுகொண்டிருப்பவர் தடுமாறாதபடி, ஒவ்வொரு வினாடியிலும் மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் வேகம் கூட்டினால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 15 வினாடியும் 125 மீட்டர் தொலைவும் தேவை; நிற்கவும் அதே அளவு வேண்டும். நிறுத்தங்களுக்கிடையே 250 மீட்டர்தான் என்றால், எட்டிய நொடியே பிரேக் போட வேண்டும். எவ்வளவு திறன்மிக்க மோட்டாரைப் பொருத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

நகர மையத்தின் பல சந்திப்புகளில், வலப்பக்கம் திரும்ப வேண்டிய கார்கள் இடது ஓரத்திற்குச் சென்று காத்திருந்து, பிறகு திரும்புகின்றன. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடுதான் என்றாலும், முதன்முறை பார்த்தபோது ஓட்டுநர் வழிதவறிவிட்டார் என்றே நினைத்தேன். தண்டவாளத்தின் மேல் கார் நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. போர்க் ஸ்ட்ரீட் கடைத்தெருவில் கார்களே இல்லை. அங்கே நடப்பவர்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு நகரும் டிராம், அவர்களைவிட அதிக வேகத்தில் போனதாக எனக்குத் தோன்றவில்லை. சிராங்கூன் சாலையிலும் ஒரு காலத்தில் மின்சார டிராம் ஓடியது. 1905இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சேவை 1927இல் முடிந்தது. தண்டவாளத்தை விட்டு விலக முடியாத வண்டி, தெருவில் வளைந்து நெளிந்து ஓடிய சிறு பேருந்துகளிடம் பயணிகளை இழந்த கதையை நினைத்தால், மெல்பர்ன் தன் டிராம்களைக் காப்பாற்றி வைத்திருப்பதே வியப்புதான்.

சதர்ன் கிராஸ் நிலையத்தைத் தாண்டி, யார்ரா ஆற்றைக் கடந்ததும் பயணத்தின் குணம் மாறுகிறது. 1857இல் திறக்கப்பட்ட செயின்ட் கில்டா ரயில் பாதையை 1987இல் மூடி, 1600 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தை 1435 மில்லிமீட்டராகக் குறுக்கி, டிராமுக்குக் கொடுத்துவிட்டார்கள். சவுத் மெல்பர்னிலும் ஆல்பர்ட் பார்க்கிலும் பழைய நிலையக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. கார்களின் தொல்லையில்லாத இந்தத் தனிப்பாதையில், நகருக்குள் முனகிக்கொண்டு வந்த அதே வண்டி சட்டென்று ரயிலாகிவிடுகிறது. ஓசை கூட மாறுகிறது. கட்டணத்துக்கு நியாயம் செய்யும் பகுதி இதுதான். நகர மையத்துக்குள் 2015 முதல் டிராம் பயணம் இலவசம் என்பதால், அங்கேயே இறங்கிவிடும் சுற்றுப்பயணிகள் இந்தத் தடத்தின் மந்தமான பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. வேகமாக ஓடும் வண்டியை உறைய வைக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், முகப்பின் எல்இடி பலகையில் எண்ணும் ஊர்ப் பெயரும் துண்டு துண்டாகத் தெரியும். வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கி, வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால் எழுத்தும் நிற்கும், பின்னணியும் கோடுகளாக ஓடும். பத்துப் படத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். அவசரமில்லாத படம் வேண்டுமென்றால், மாலையில் செயின்ட் கில்டா கடற்கரையில், 1912 முதல் வாய் பிளந்து நிற்கும், லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவின் வாயில் முகத்தின் அருகே காத்திருக்கலாம். அங்கே வண்டி மீண்டும் சாலைக்கு வந்து மெதுவாகிவிடும், வெயிலும் கடல் பக்கமிருந்து வரும்.

வேக விவாதத்தையும் படங்களே தீர்த்து வைத்தன. வண்டியின் மூக்கு ஒரு கம்பத்தைத் தொட்டது முதல் வால் அதைக் கடந்தது வரையுள்ள நேரத்தைத் தொடர் படங்களிலிருந்து எடுத்தோம். தனிப்பாதையில் அது இரண்டரை வினாடி. அதாவது மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். சராசரி 16 கிலோமீட்டரில் போயிருந்தால் ஏழரை வினாடி ஆகியிருக்கும். மிதிவண்டிக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கடைத்தெருப் படங்களையும் அளக்கச் சொன்னார். அடுத்த வாரம் அவரே சிட்னிப் படங்களுடன் வருகிறார். அங்கே இரண்டு வண்டிகளை இணைத்து 67 மீட்டர் நீளத்துக்கு ஓட்டுகிறார்கள் என்பதால், கம்பக் கணக்கை மாற்றிப் போட வேண்டும்.